சில்வியின் மகளுக்கு ஒரு மலர்வளையம்

கைவேலை தெரிந்தவர்களிடம் ஒரு கெட்ட குணம் இருக்கிறது. யார் எதைச் சொன்னாலும் பாதியைத்தான் காதில் வாங்குவோம். மீதிப் பாதி நேரம் மனம் துணி வெட்டத் தொடங்கிவிடும். மகனின் பள்ளிக்கூடத்தில் மாறுவேடம் என்றால், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கேட்பதற்கு முன்பே செம்மஞ்சள் துணியோடு வீட்டில் நிற்பேன். அப்படித்தான் ஒருமுறை அவனுக்குப் பூசணிக்காய் உடுப்பு ஒன்று தைத்தேன். மிக வடிவான பூசணிக்காய். பள்ளிக்கூட பஸ்ஸின் கதவுக்குள் மட்டும் அது நுழையவில்லை. (பிள்ளை இன்றுவரை பூசணிக்காய்க் கறி தொடுவதில்லை.)

இந்தக் குணத்தோடு மொழிக் கர்வமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நானே சாட்சி.

அப்போது நான் பிரெஞ்சு வகுப்பை முடித்துச் சான்றிதழும் வாங்கி, இனி அகராதி எதற்கு என்ற உயர்ந்த நிலைக்கு வந்திருந்தேன். டெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கப் போனால்கூடக் கடைக்காரரிடம் குளிரைப் பற்றி இரண்டு வசனம் கூடுதலாகப் பிரெஞ்சில் பேசிவிட்டுத்தான் வருவேன். அவர் சாவகச்சேரிக்காரர் என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அவரும் என்னைத் தமிழ் என்று நினைக்கவில்லையாம். அதை ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமைகளில் எங்கள் பகுதிச் சமூக நிலையத்தின் நிலக்கீழ் அறையில் ஏழெட்டுப் பெண்கள் கூடுவோம். தைப்போம், பின்னுவோம், ஒட்டுவோம், ஊர்க்கதை பேசுவோம். அந்தக் கூட்டத்தைத் தொடங்கியவள் சில்வி. நாற்பத்தைந்து வயது இருக்கும். லொங்குய்யில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை. தனியாக இருந்தாள். என் பிரெஞ்சைத் திருத்தாமல், நான் சொல்லி முடிக்கும்வரை ஊசியை நிறுத்திவைத்துக்கொண்டு கேட்ட முதல் ஆள் அவள்தான். சொந்தக்காரர் அல்லாத ஒருத்தியை "என்ர சிநேகிதி" என்று நான் இந்த நாட்டில் சொன்னது அவளைப் பற்றித்தான்.

அந்தச் சில்வி இரண்டு வாரமாகக் கூட்டத்துக்கு வரவில்லை. மூன்றாவது வாரம் தபாலில் ஓர் அட்டை வந்தது. கறுப்பு அட்டை. வெள்ளி எழுத்து. "அன்தெர்மன் த வி த ஃபிய் த சில்வி" என்று பெரிதாக எழுதியிருந்தது.

சான்றிதழ் வாங்கிய மூளை உடனே வேலை செய்தது. "அன்தெர்மன்" என்றால் அடக்கம். "வி" என்றால் உயிர். "ஃபிய்" என்றால் மகள். சில்வியின் மகளின் உயிர் அடக்கம்! அட்டையைப் பிடித்தபடி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். சில்விக்கு ஒரு மகள் இருப்பதையே அவள் எங்களிடம் சொன்னதில்லை. என்ன சண்டையோ, என்ன பிரிவோ, எவ்வளவு காலம் மனதுக்குள் வைத்திருந்தாளோ என்று நினைக்க நினைக்க எனக்கு அழுகை வந்தது.

கணவர் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறவர். வேலையால் வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை, விசயத்தைச் சொன்னேன்.

"நீர் வடிவா வாசிச்சனீரோ?" என்று கேட்டார்.

"ஏன், எனக்குப் பிரெஞ்சு தெரியாதோ?"

"தெரியும், தெரியும். இருந்தாலும் ஒருக்கா மகனிட்டக் காட்டுமன்."

"செத்தவீட்டு அட்டையைப் பிள்ளையிட்டக் குடுத்து வாசிக்கச் சொல்லுறதோ? நல்ல கதை!"

மகனிடம் வாயால் மட்டும் சொன்னேன். அவன் கைபேசியிலிருந்து தலையை எடுக்காமலே, "அச்சோ, பாவம்" என்றான். அத்தோடு குடும்ப ஆலோசனை முடிந்தது.

அட்டையின் மிச்சமும் பொருத்தமாகவே இருந்தது. லோரன்சியன் மலைப் பக்கம் ஏரிக்கரையில் ஒரு மரவீட்டில், சனியும் ஞாயிறும். (ஏரியில் சாம்பல் கரைப்பார்களாக்கும்.) "கொஸ்ட்யூம்" கட்டாயம், அதுவும் கையால் தைத்தது. கொஸ்ட்யூம் என்றால் மரியாதையான உடுப்பு என்று வகுப்பில் படித்திருந்தேன். தைக்கிறவர்களின் செத்தவீடு, அதனால்தான் கையால் தைத்தது என்று எனக்கு நானே விளக்கம் சொன்னேன். கடைசி வரியில், குளிக்கிற உடுப்பு கொண்டு வரவும் என்று இருந்தது. அதைக் கண்டதும் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. செத்தவீட்டுக்குப் போனால் தலை முழுகாமல் வீட்டுக்குள் வரலாமா? "இஞ்சருங்கோ, இந்த ஆக்களுக்கும் துடக்கு இருக்கு!" என்று கணவரிடம் வியந்து சொன்னேன்.

கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்து பின்னுகிறவள் அல்ஜீரியாக்காரி நாதியா. "சில்வியை நினைக்கக் கவலையாயிருக்கு" என்று அவளுக்குத் தகவல் அனுப்பினேன். "எனக்கும்தான்! பாவம், தப்ப முடியாது!" என்று எழுதி, வயிற்றைப் பிடித்துச் சிரிக்கும் முகங்கள் நாலைந்து அனுப்பினாள். இப்படியும் ஒரு கல்நெஞ்சக்காரியா என்று அவளோடு மனதுக்குள் கோபித்துக்கொண்டேன்.

பிறகு வேலையில் இறங்கினேன். டொலர் கடையில் வெள்ளைப் பூக்களை அள்ளி வந்து, பசைத் துப்பாக்கியைச் சூடாக்கி, இரண்டு விரல் நுனியைச் சுட்டுக்கொண்டு ஒரு மலர்வளையம் செய்தேன். ஒரு லில்லி இதழ்கூடக் கோணவில்லை. குறுக்கே கட்டுவதற்கு அகலமான வெள்ளைச் சாட்டின் ரிப்பன் எடுத்தேன். பிரெஞ்சில் எழுதினால் எழுத்துப் பிழை வரலாம், துக்கத்துக்குத் தாய்மொழிதான் சரி என்று, கறுப்பு நூலால் சங்கிலித் தையலில் "கண்ணீர் அஞ்சலி" என்று பூவேலை போட்டேன். நம் பத்திரிகைகளின் கடைசிப் பக்கத்தில் வருகிற அதே இரண்டு சொற்கள். என் வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாக எதையும் தைத்ததில்லை.

கணவருக்குச் சனிக்கிழமை வேலை. வெள்ளைச் சேலை, அதற்குப் புதிதாகத் தைத்த சட்டை, ஒரு கையில் வளையம், மறு கையில் ஒரு பெட்டி இடியப்பமும் ஒரு போத்தல் சொதியும் என்று பஸ் ஏறினேன். (செத்தவீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்களே, பசியோடு இருப்பார்கள்.) வளையத்துக்கு ஓர் இருக்கை கிடைத்தது. முன்னால் இருந்த முதியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வழி முழுக்க இலையுதிர்கால மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக நின்றன. நான் ஒன்றையும் பார்க்கவில்லை. அந்தப் பெயர் தெரியாத பிள்ளையை நினைத்து அழுதுகொண்டே போனேன்.

பஸ் தரிப்பிலிருந்து பத்து நிமிட நடையில் மரவீடு. கதவைத் தட்டினேன். ஓர் அன்னாசிப்பழம் கதவைத் திறந்தது.

பழத்துக்குள்ளே இருந்தது நாதியா. அவளுக்குப் பின்னால் ஒரு சிங்க இறால் நின்றது. சோபாவில் ஒரு மேசைவிளக்கு இருந்து சிப்ஸ் சாப்பிட்டது. ஒரு கணம் திகைத்தேன். ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் செத்தவீட்டு வாசலை மிதித்தால் நின்று யோசிப்பதில்லை, நேராகப் போய்க் கட்டிப்பிடித்து அழுவதுதான். பஸ் முழுக்க அதற்கு ஆயத்தப்படுத்திக்கொண்டு வந்தவள் வேறு. அறை நடுவில் சில்வி வெள்ளை உடுப்போடு நின்றாள். ஓடிப் போய்ச் சேர்த்துப் பிடித்து, "ஐயோ என்ர அம்மா, என்னெண்டு தாங்குவாய்!" என்று குரலெடுத்தேன்.

அழுதுகொண்டே அவளின் தோளுக்கு மேலால் சுவரைப் பார்த்தேன். பலூன்களுக்கு நடுவே ஒரு நீளக் கடதாசி தொங்கியது. "வீவ் லா மாரியே." மாரியே என்றால் மணப்பெண். மணப்பெண் வாழ்க!

(அந்த நேரத்தில் சான்றிதழ் என் கையில் இருந்திருந்தால் அதையும் ஏரியில் கரைத்திருப்பேன்.)

விசயம் இதுதான். கல்யாணத்துக்கு முன் சிநேகிதிகள் கூடிக் கூத்தடிப்பதற்கு இங்கே "பெண்பிள்ளை வாழ்க்கையின் அடக்கம்" என்று பெயர். கன்னி வாழ்க்கையைப் புதைத்துவிட்டு மனைவியாகப் போகிறாளாம். கொஸ்ட்யூம் என்றால் மாறுவேடம். குளிக்கிற உடுப்பு வெந்நீர்த் தொட்டிக்கு. சில்விக்குக் கல்யாணம். அடுத்த மாதம். அந்த ஓட்டத்தில்தான் புதன்கிழமைகளில் அவளைக் காணவில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். விசில்கூட அடித்தார்கள். "அடக்கம்" என்ற சொல்லையே வேடமாகப் போட்டு நடித்துக் காட்டியவள் நான் ஒருத்தியே என்று முதல் பரிசும் எனக்கே தந்தார்கள். ஒரு போத்தல் மேப்பிள் பாகு. "கண்ணீரைக்கூட உண்மையாக வரவைத்தாள் பார்" என்றது சிங்க இறால்.

நான் பரிசைப் பிடித்தபடி நின்றேன். ஒரு மணப்பெண்ணிடம் மலர்வளையம் கொண்டு போனவளைப் பற்றி எங்கள் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் பல்லி சொல்வதைப் பார்க்கிறவள் இல்லை. ஆனால் இது பல்லி இல்லையே! நாற்பத்தைந்து வயதில் ஒருத்திக்குக் கிடைத்த நல்ல காரியம். அதன் வாசலில் செத்தவீட்டுச் சாமானோடு நான் நிற்கிறேன்.

அப்போது சில்வி ரிப்பனை அவிழ்த்துக் கையில் எடுத்தாள்.

"என்ன வடிவான எழுத்து! என்ன எழுதியிருக்கிறாய், சுகி?"

"நீடூழி வாழ்க" என்றேன். வேறென்ன சொல்வது?

அவள் அதைத் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காக, அழகிப் போட்டியில் வென்றவள் மாதிரிப் போட்டுக்கொண்டாள். மணப்பெண்ணின் நெஞ்சில் கண்ணீர் அஞ்சலி. அதோடு படம் எடுத்தார்கள். அதோடு ஆடினார்கள். "கல்யாணத்தன்று என் பூங்கொத்தில் இதைத்தான் கட்டுவேன்" என்று சில்வி எல்லோருக்கும் அறிவித்தாள். எனக்குத் தொண்டையில் இடியப்பம் இறங்கவில்லை. (மற்றவர்களுக்கு நன்றாகவே இறங்கியது. மேப்பிள் பாகு ஊற்றிச் சாப்பிட்டார்கள்.) மாலையில் வெந்நீர்த் தொட்டியில் நான் மட்டும் தலை நனைய மூன்று தரம் முழுகினேன். அதுவும் ஏதோ வழக்கம் என்று நினைத்து எல்லோரும் சேர்ந்து முழுகினார்கள்.

காலையில் சில்வி தனியாகக் கோப்பி போட்டுக்கொண்டிருந்தாள். ரிப்பனை அழகாகச் சுருட்டி மேசையில் வைத்திருந்தாள். சொல்லாவிட்டால் இந்தச் சிநேகிதத்துக்கு அர்த்தமில்லை, சொன்னால் சிநேகிதமே மிஞ்சாது என்று தோன்றியது. சொன்னேன். அட்டை, அகராதி பார்க்காதது, ரிப்பன், எல்லாம். என் பிரெஞ்சு முழுவதும் அன்றைக்கு உடைந்துபோனது.

"ஆனால் எனக்கு மகளே இல்லையே" என்றாள் சில்வி.

"நீ மறைத்து வைத்திருந்தாய் என்று நினைத்தேன்."

"இல்லாத பிள்ளைக்காகவா பஸ் முழுக்க அழுதாய்?"

"இடியப்பமும் அவித்தேன்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு எங்கேயோ மாறிவிட்டது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தாள்.

"ஒரு பிள்ளை வேண்டும் என்று நான் பல வருடம் காத்திருந்தேன், சுகி. மகள் என்றுதான் நினைத்துக்கொள்வேன். வரவில்லை. வராத பிள்ளைக்குச் செத்தவீடு செய்ய முடியாது, பார். யாரும் பூ கொண்டு வரமாட்டார்கள். யாரிடமும் சொல்லவும் முடியாது." ரிப்பனைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "நீதான் கொண்டு வந்திருக்கிறாய்."

அவளின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இரண்டு பேரும் நன்றாக அழுதோம். அன்னாசிப்பழம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, நல்லவேளை, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனது.

ரிப்பனை மட்டும் தந்துவிடு, தையலைப் பிரித்து வேறு எழுதித் தருகிறேன் என்று கெஞ்சினேன். "தொட்டால் கையை வெட்டுவேன்" என்றாள்.

கல்யாணத்தன்று சொன்னபடியே செய்தாள். பூங்கொத்திலிருந்து ரிப்பன் நீளமாகத் தொங்கியது, எழுத்து வெளியே தெரியும்படி. மண்டபத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் நானும் என் கணவரும் மட்டும்தான். அவர் கண்ணாடியைப் போட்டு ஒருமுறை வாசித்தார். கழற்றித் துடைத்துவிட்டு இன்னொருமுறை வாசித்தார். பிறகு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"பாவம் மனுசன்," என்று என் காதுக்குள் சொன்னார். "எங்களுக்கு ஒருத்தரும் முன்கூட்டியே எழுதிக் காட்டேல்லை."

அவர்கள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். இரண்டு பேரும் கொஞ்சம் கொழுத்தும் விட்டார்கள்.

என் ஐம்பதாவது பிறந்தநாளை டொலார்-டே-ஓர்மோவில் ஒரு மண்டபத்தில் வைத்தோம். சொந்தம் முழுக்க வந்திருந்தது. சில்வி தன் கையாலேயே செய்த கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்து நடு மேசையில் வைத்தாள். அவளுக்குத் தமிழில் எழுதத் தெரிந்தது இரண்டே சொற்கள். அந்த இரண்டையும் வெள்ளைக் கிரீமின் மேல் சொக்கலேற்றால், கோணல் மாணலாக, ஒரு புள்ளி பிசகாமல் எழுதி, கீழே என் பெயரைப் பிரெஞ்சில் போட்டிருந்தாள்.

சொந்தமெல்லாம் கழுத்தை நீட்டி வாசித்தது. என் மச்சாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கதிரையைத் தேடினாள். "ஆரடியப்பா இந்தக் கோதாரியை எழுதினது?"

"என்ர சிநேகிதி," என்றேன். "அவவுக்கு அதுக்கு வேற அர்த்தம்."

"வேற என்ன அர்த்தம்?"

சில்வி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அதன் அர்த்தம் நன்றாகவே தெரியும். எனக்கும் தெரியும். உனக்காக ஒருத்தி அழுதுகொண்டு பஸ் ஏறி வருவாள் என்பதுதான் அது. மச்சாளுக்கு அதை எப்படி விளங்கப்படுத்துவது? கத்தியை எடுத்துக் கேக்கை வெட்டினேன்.

"தன்ர கண்ணீர் அஞ்சலியைத் தானே வெட்டிச் சாப்பிட்ட முதல் தமிழிச்சி இவதான்" என்று கணவர் ஒலிவாங்கியில் அறிவித்தார். உண்மைதான். இரண்டு துண்டு சாப்பிட்டேன்.