ரபான் அங்கிளும் நனைந்த ஆடுகளும்

சிட்னியில் ஐரிஷ் இசை இன்னும் உயிரோடு இருக்கிறதென்றால் அதற்கு அயர்லாந்து காரணமல்ல. டூங்கபியில் என் பக்கத்து வீட்டு ரபான் அங்கிள்தான் காரணம். இலங்கையில் மன்னார்க்காரர், பஸ் டிரைவர். ரபான் என்பது வட்டச் சட்டத்தில் தோல் கட்டிய கைப்பறை. அது கையில் இல்லாதபோது ஸ்டியரிங்கில் வாசிப்பார். சிவப்பு சிக்னலில் அவர் பஸ்ஸே ஆடும் என்பார்கள். நான் பார்த்திருக்கிறேன், ஆடும்.

அவருக்கு அடுத்த வீட்டில் ஷோன் என்று ஒரு ஐரிஷ் பிளம்பர். அவனும் அவன் ஊர்க்காரர்கள் மூவரும் கராஜில் ஓர் இசைக்குழு வைத்திருந்தார்கள். பெயருக்கு அர்த்தம் 'நனைந்த ஆடுகள்'. நாட்டுப்பாட்டைப் பிடித்து ராக் ஆக்குவது அவர்கள் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்தம் தாங்காமல் சண்டைக்குப் போன அங்கிள், தாளம் தப்புவதைக் கேட்டு இன்னும் கோபமாகி, வீட்டுக்கு வந்து ரபானைத் தூக்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து அவரும் ஓர் ஆடு.

குழுவின் மிச்ச வரலாறு, ஆட்கள் கழன்றுகொண்ட வரலாறுதான். டிரம்மர் சுரங்க வேலைக்குப் பெர்த் போனான். பாடகன் காதலித்து டார்வின் போனான். ஃபிடில்காரன் விசா முடிந்து ஊருக்கே போனான். அந்த இடத்துக்கு ஒரு கிரேக்கப் பெண் வந்தாள். ஷோனும் அங்கிளும் மட்டும் அசையவில்லை.

அவர்களைக் கூப்பிட்டது பரமட்டாவில் ஒரே ஒரு பப். மார்ச்சில் புனித பேட்ரிக் திருநாள், ஐரிஷ்காரர்களுக்கு அதுதான் தீபாவளி. அன்று கூட்டத்தை ஆடவைத்தால் வெள்ளிக்கிழமைகள் எல்லாம் உங்களுக்கு, இல்லாவிட்டால் வேறு குழு என்று முதலாளி சொல்லிவிட்டார். இது போனால் ஆடுகள் கலைய வேண்டியதுதான். ஷோன் ஓடிவந்து சொன்னான். அங்கிள் முடியாது என்றார். நோன்பு தொடங்கிய திருநீற்றுப் புதனன்றே ரபானைச் சாரத்தில், அதாவது லுங்கியில், சுற்றி அலமாரி மேல் ஏற்றிவிட்டாராம்.

"தம்பி, நீங்கள் இவனுக்கு விளங்கப்படுத்துங்கோ. இது தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் ரபான் தொடமாட்டன் எண்டு மாதாவுக்கு நேர்ந்தனான்."

திருநெல்வேலியிலிருந்து கம்ப்யூட்டர் கோடு எழுத வந்த நான், ஒரு கத்தோலிக்கரின் நேர்த்தியை இன்னொரு கத்தோலிக்கருக்கு மொழிபெயர்த்தேன். ஷோன் அவரைப் பாதரிடமே இழுத்துப்போனான். அந்த நாளுக்கு ஐரிஷ்காரர்கள் விலக்கு எடுத்துக்கொள்வார்கள், பரவாயில்லை என்றார் பாதர். வாக்குக் கொடுத்தது பாதருக்கு இல்லையே என்றார் அங்கிள்.

திருநாளன்று ஷோனும் கிரேக்கப் பெண்ணும் ரபான் இல்லாமலே மேடையேறினார்கள். அங்கிளும் வந்து என் பக்கத்தில் சோடா குடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பாட்டுக்குக் கூட்டம் போனைப் பார்த்தது. இரண்டாவதுக்குச் சாப்பிடக் கிளம்பியது. ஷோன் முகம் சுருங்கிவிட்டது. அங்கிளின் கால் தானாக ஆட ஆரம்பித்தது. சட்டென்று எழுந்து, உட்கார்ந்திருந்த மரக் கதிரையைத் தூக்கினார். அங்கிள், நேர்த்தி என்னாச்சு என்று பதறினேன்.

"ரபான் தொடமாட்டன் எண்டுதானே நேர்ந்தனான். கதிரையைப் பற்றி மாதாவோட ஒண்டும் கதைக்கேல்லை."

மேடையில் கதிரையைக் கவிழ்த்து வைத்து அடித்தாரே ஓர் அடி! போனவர்கள் வாயில் சிப்ஸோடு திரும்பி ஓடிவந்தார்கள். முதலாளி தட்டோடு ஆடினார். வெள்ளிக்கிழமைகள் எல்லாம் ஆடுகளுக்கே என்று அங்கேயே கத்திச் சொன்னார். ஷோன் அங்கிளைக் கட்டிக்கொண்டு அழுதான்.

என்னோடு ஆடிக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி, அவர் உனக்குச் சொந்தமா என்று கேட்டார். அவர் ஊர் எங்கே, என் ஊர் எங்கே. ஆமா, எங்க அங்கிள் என்று சொல்லிவிட்டேன். இன்றுவரை அதைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை.