வேலிப் பக்கம் திரும்பிய நிலை

சௌல்தாரி,
வேலிக்கு இந்தப் பக்கம்.

வேலிக்கு அந்தப் பக்கம் வசிக்கும் அமிர்தவல்லி அத்தை அவர்களுக்கு, தங்கள் தம்பி மகள் உமா மகேஸ்வரி, பன்னிரண்டாம் வகுப்பு, பணிவுடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். காலையில் உங்கள் குக்கர் மூன்று விசில் அடித்ததால் அங்கும் நலம் என்று அறிந்தோம்.

“பத்து வருஷமா பேசாதவன், இப்ப வம்புக்குன்னே என் மூஞ்சிக்கு நேரா வாசல் வெக்கிறானா?” என்று நீங்கள் கேட்டதாகப் பால் ஊற்றும் பொன்னம்மா அக்கா சொன்னார். அத்தை, இது வம்பு இல்லை, மரவேலை. அதன் சொற்கள் புரிந்தால் கோபம் தணியும் என்பதால் விளக்குகிறேன். தூண் என்பது நிற்பதைத் தவிர வேறு வேலை தெரியாதது. நம் வீட்டு ஆண்களைப் பார்த்துத்தான் செதுக்கியிருப்பார்கள். உத்திரம், தூண்களின் தலையில் குறுக்கே படுத்துக் கூரையின் பாரத்தையெல்லாம் வாங்கிக்கொள்வது, அதாவது அம்மா. கைமரங்கள் இரண்டு பக்கமிருந்தும் சாய்வாக ஏறி உச்சியில் முட்டிக்கொள்பவை. ஒன்றை எடுத்தால் மற்றதும் விழும், இருந்தாலும் முட்டிக்கொண்டேதான் இருக்கும். இதில் உள்குத்து எதுவும் இல்லை. ரீப்பர், கைமரங்களின் மேல் குறுக்கே அடிக்கும் ஒல்லிச் சட்டம். தகரம் பறக்காமல் பிடித்துவைப்பது அதுதான், என்னை வைத்துக்கொள்ளுங்கள். நிலை என்பது கதவு மாட்டும் சட்டம். நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி நிறுத்திவிட்டால் அப்புறம் அசைக்கக் கூடாது. வினையே அங்கேதான் வந்தது.

அந்தோணிமுத்து மேஸ்திரி சுவர்ச் சட்டங்களைத் தரையிலேயே கோத்து, எது எந்தப் பக்கம் என்று சாக்பீஸால் எழுதிவைப்பார். புது வீட்டின் முதுகுதான் உங்கள் பக்கம் இருக்க வேண்டும் என்பது அப்பாவின் கண்டிப்பான உத்தரவு. எனவே நிலை வைத்த சட்டத்தில் ‘ரோடு’, சமையலறை ஜன்னல் வைத்த சட்டத்தில் ‘வேலி’. வியாழக்கிழமை ஒன்பதரைக்கு நேரம் குறித்திருந்தது. மெயின்லேண்டிலிருந்து நம் தீவுக்கு வரும் கூரைத் தகரத்துக்காக அப்பா ஜெட்டிக்குப் போனார். கப்பலும் வரவில்லை, அப்பாவும் வரவில்லை, நல்ல நேரம் மட்டும் வந்துவிட்டது. அம்மா தேங்காய் உடைக்க, மேஸ்திரி நாலு பேரை வைத்து, சட்டத்தில் எழுதியிருந்தபடியே தூக்கி நிறுத்தினார். பதினோரு மணிக்கு அப்பா வந்து பார்த்தால் நிலைக்குள்ளே உங்கள் துணிக்கொடி தெரிகிறது.

“யோவ், என்னய்யா இது? புடுங்கு!”

“அண்ணே, நான் சூசையப்பரைக் கும்புடுறவன். ஆனா பூஜை போட்ட நிலையில கை வெக்க மாட்டேன். நாளைக்கு வீட்ல ஒண்ணு ஆச்சுன்னா யாரு ஜிம்மேதார், யாரு பொறுப்பு?”

“சாமி காரியங்க, விடுங்க” என்று அம்மா சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

அப்பா அப்படியே மரக்கட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் நீங்கள் துணி காயப்போட வந்தீர்கள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, “அக்காவுக்கு முடியெல்லாம் இப்படி நரைச்சுப்போச்சா” என்றார். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை, சும்மா சொன்னார். அவர் வெட்டிய பாக்குமரம் உங்கள் கோழிக்கூட்டில் சாய்ந்து ரெண்டு கோழி செத்த நாளிலிருந்து இந்தப் பக்கம் தலையே திருப்பாத மனுஷன், அத்தை.

இப்ப உங்க கோழி ஒண்ணு தினமும் வேலிக்கடியில நுழைஞ்சு, நிலையைத் தாண்டி உள்ளே வந்துபோகுது. அப்பா விரட்டுறதில்ல. அரிசி போடுறாரு. தகரமும் வந்து கூரை போட்டாச்சு, வர்ற ஞாயித்துக்கிழமை பால் காய்ச்சுறோம். அடுப்பு பத்தவைக்கிறது கூடப்பொறந்தவ உரிமையாச்சே, வேற யாரையாவது கூப்பிடலாமான்னு அம்மா கேட்டாங்க. “அடுப்பு பத்தாமலே கெடக்கட்டும்”னு மட்டும் சொன்னாரு. அவரு வந்து கூப்பிட மாட்டாரு, தூண். கூப்பிடாம நீங்களும் வர மாட்டீங்க. அதனாலதான் ரீப்பர் நான் எழுதுறேன்.

எந்தப் புயலுக்கும் உங்கள் வீட்டுத் தகரம் பறக்காதிருக்க எல்லாத் தெய்வங்களையும் வேண்டி, கோழிகளுக்கும் என் அன்பான விசாரிப்புகளைத் தெரிவித்து முடிக்கிறேன்.

கீழ்ப்படிதலுள்ள,
உமா மகேஸ்வரி

பி.கு.: சட்டத்தில் எழுதியிருந்தபடி என்றேனே தவிர, மேஸ்திரி எழுதியபடி என்று நான் சொல்லவில்லை. ‘ரோடு’, ‘வேலி’ இரண்டையும் அழித்து மாற்றி எழுதியவள் நான். சாக்பீஸ் எடுத்துக் கொடுத்தது அம்மா. அப்பாவுக்கு இன்னும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்துவிட்டால் இது கடைசிவரை சாமி காரியமாகவே இருந்துவிடும். வராவிட்டால் அப்பா விசாரணையில் இறங்குவார். அடுத்த குறி என் முதுகில்தான் விழும், சாக்பீஸால் அல்ல.