ஓட்டை சாரும் மாமாவின் போட்டும்

எங்கள் தெருவில் ஓட்டை சாரைக் கண்டு நடுங்காத பொருள் எதுவும் கிடையாது. மனிதர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பேன்ட் பையில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பித்தளைச் சுத்தியல் வைத்திருப்பார். கண்ணில் பட்டதையெல்லாம் அதால் தட்டுவார், தலையைச் சாய்த்துக் கேட்பார், பிறகு அதன் ஆயுளைச் சொல்வார். பொருளுக்குச் சொந்தக்காரருக்கு அன்று சோறு இறங்காது.

அவர் கப்பல், படகுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கிற மரைன் சர்வேயர். முறையாகப் படித்துப் பரீட்சை எழுதியவர். துறைமுகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு, மனைவியின் ஊர் என்பதால் ஆம்பூரில் வந்து குடியேறினார். பாலாற்றையே செருப்போடு கடக்கிற ஊரில் கப்பலுக்கு எங்கே போவது? கை சும்மா இருக்கவில்லை. எங்கள் பொருள்களைத் தட்டி ஓட்டை தேட ஆரம்பித்தார்.

பக்கத்து வீட்டு மாடித் தண்ணீர் டேங்கைத் தட்டிவிட்டு, "பத்து நாள் தாங்கும்" என்றார். வீட்டுக்காரர் சிரித்தார். ஒன்பதாம் நாள் டேங்க் பிளந்து, கீழே காயப்போட்டிருந்த மிளகாய் தெருமுனை வரை மிதந்து போனது. பிரியாணிக் கடை பாய், சாரைத் தூரத்தில் பார்த்தாலே பிரியாணி வேகிற தேக்சாவைத் துணி போட்டு மூடிவிடுவார். "உக்காருங்க சார், பீஸ் ஜாஸ்தியா வெக்கிறேன். தேக்சாவ மட்டும் தட்டிடாதீங்க" என்று கெஞ்சுவார்.

அப்படிப்பட்டவரை நாங்களே போய் அழைத்து வந்தோம். எல்லாம் மாமாவால். என் அக்கா வீட்டுக்காரரான அவர் ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரிவில் இருந்தவர். திடீரென்று வேலையை விட்டுவிட்டு, திருப்பத்தூர் போகிற வழியில் மலையடிவாரத்து ஏரியில் படகு விடப்போகிறேன் என்று கிளம்பினார். கடலோரத்திலிருந்து பத்துப் பேர் உட்காருகிற பழைய ஃபைபர் போட் ஒன்றை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் சவாரி. அக்காவும் இரண்டு பெண்களும்தான் அதில் போகிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று.

நான் தோல் செலக்‌ஷனில் இருப்பவன். தோலை மேஜையில் விரித்து, உள்ளங்கையால் தடவி, கொசு கடித்த தழும்பு வரை கண்டுபிடித்து கிரேடு போடுவது என் தொழில். போட்டையும் அப்படியே தடவினேன். இடது பக்கம், முகப்புக்குக் கிட்டே, வெண்ணெய் மாதிரி வழுக்கியது. "ஏ கிரேடு மாமா" என்றேன். மாமா காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அந்தத் தைரியத்தில் அக்காவின் சின்னப் பெண்ணை உட்காரவைத்து, மாமாவும் நானும் நடு ஏரி வரை ஒரு சுற்று போய் வந்தோம்.

அனுமதி கொடுக்கிற ஆபீசில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். தகுதி பெற்ற மரைன் சர்வேயர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

"இன்னா மச்சான், பெரிய பேஜாரா கீது. ஏரியில வுடற போட்டுக்கு சர்வேயராம்" என்று மாமா புலம்பினார்.

"நம்ம தெருவுலயே ஒருத்தரு இருக்காரே மாமா."

"அவரா? அவரு தட்டினா கோயில் மணியே ஒடஞ்சிடும் மச்சான்."

வேறு வழியில்லாமல் போனோம். சார் கேட்ட முதல் கேள்வியே எங்களைக் கலங்கடித்தது.

"போட்டு தண்ணியில இருக்கா, தரையிலயா?"

"தண்ணியிலதான் சார்."

"மேல ஏத்துங்க. அடிவயித்தப் பாக்காம நான் எதுக்கும் கையெழுத்துப் போட மாட்டேன்."

எட்டு ஆள் சேர்ந்து கரையேற்றி, உயரமான கட்டைகள் மேல் நிறுத்தினோம். அக்கா பெண்களோடு வந்து நின்றாள். போகிறபோக்கில் தட்டுகிற மனுஷன் அன்று வேறு ஆளாக இருந்தார். லைஃப் ஜாக்கெட்டுகளை எண்ணி, ஒவ்வொரு வாரையும் இழுத்துப் பார்த்தார். பிறகு போட்டின் அடியில் மல்லாந்து படுத்து, "யாரும் பேசக் கூடாது" என்றார். விரற்கடைக்கு ஒரு தட்டு. டக், டக், டக். அரை மணி நேரம் அந்தச் சத்தம் மட்டுமே கேட்டது. எனக்குக்கூடக் கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது.

இடது முகப்புக்கு வந்தார். தொப்.

சுற்றிலும் தட்டினார். டக். மறுபடி அதே இடம். தொப். நான் வெண்ணெய் என்று தடவிய இடம். திரும்பிப் பார்த்தேன். மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

"இங்க என்ன பண்ணியிருக்கீங்க?" என்று சார் படுத்தபடியே கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சின்ன விரிசல் சார். நல்ல தோலா பாத்து உள்ள வெச்சி, சொல்யூஷன் போட்டு ஒட்டி, மேல ஃபினிஷிங் ஸ்ப்ரே அடிச்சேன். எங்க கம்பெனில தழும்பு தெரியாம அப்டித்தான் சார் பண்ணுவோம். ஷூவுல ஒட்டினா ரெண்டு வருஷம் தாங்குது."

சார் பேனாக்கத்தியை நுழைத்து நெம்பினார். மாமாவின் கைவண்ணம் தோசை மாதிரி உரிந்து வந்தது. உள்ளே தோல் ஊறி உப்பியிருந்தது. அழுத்தினால் தண்ணீர் கசிந்தது. அதற்குப் பின்னால் என் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குப் பிளவு.

"ஷூ பிஞ்சா கால் நனையும். இது பிஞ்சா?" என்று கேட்டுவிட்டு, அக்காவின் பெண்களைப் பார்த்தார்.

எனக்கு நடு ஏரி ஞாபகம் வந்தது. சின்னவள் தண்ணீரில் கையை விட்டு அளைந்ததும், ஜாக்கெட் குத்துகிறது என்று அவள் சிணுங்கியபோது நானே அதைக் கழற்றிவிட்டதும் ஞாபகம் வந்தன. அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே வருகிறது என்று மாமா கெஞ்சிப் பார்த்தார். "வரட்டும். கரையில உக்காந்து சுண்டல் சாப்பிடட்டும்" என்றார் சார். ஃபைபர் வேலை தெரிந்த ஒருவரைக் கடலோரத்திலிருந்து வரவழைத்து, அந்த இடத்தை வெட்டியெடுத்துப் புதிதாகக் கட்டினோம். மூன்று வாரம் கழித்துச் சார் மறுபடி மல்லாந்து படுத்தார். தொப் வரவில்லை. கையெழுத்துப் போட்டார்.

முதல் சவாரிக்குப் பெண்கள் ஓடிவந்தபோது, "இருங்க" என்று அவர்களை நிறுத்திவிட்டுச் சார் ஏறினார். துணைக்கு நானும் ஏறினேன். மாமா போட்டை நகர்த்தியதும், சார் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டார். உதடு ஏதோ சாமி பெயரை முணுமுணுத்தது. நெற்றியெல்லாம் வேர்வை.

"இன்னா சார், ஒடம்பு சரியில்லயா?" என்று கேட்டேன்.

"எனக்கு நீச்சல் தெரியாதுப்பா. தண்ணின்னா சின்ன வயசுலேர்ந்தே பயம்."

"அப்புறம் ஏன் சார் ஏறினீங்க?"

"கையெழுத்துப் போட்டது நான்தானே. கொழந்தைங்க ஏர்றதுக்கு முன்னாடி நான் ஒரு சுத்து போய்ட்டு வரணுமா இல்லயா?"

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். எனக்குப் போட்டைப் பற்றிய பயமெல்லாம் போய்விட்டது. இந்த மனுஷனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்ற பயம் பிடித்துக்கொண்டது. அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்தபடியே ஏரியைச் சுற்றி வந்தேன். கரை வந்து, "விடுப்பா, எறங்கணும்" என்று அவர் சொன்ன பிறகுதான் விட்டேன்.