மெத்தைக் கடையை எனக்குத் திருப்பித் தரவும்

மதிப்பும் பிரியமும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். அங்கே தாங்களும், மகளும், பேத்தியும், தங்கள் அத்தையும் சுகமாக இருப்பதை அவ்வப்போது வரும் படங்களில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். போன படத்தில் பேத்தி நன்றாக விழுந்திருந்தாள். அத்தை பாதிதான் தெரிந்தாள். ஒரு தோளும் ஒரு காதும். தாங்கள் படம் எடுப்பதைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். காதைப் பார்த்தே ஆளை அடையாளம் தெரிந்துகொண்டேன்.

வீட்டு முகவரி இருக்க ஆபீசுக்கு ஏன் கடிதம் வருகிறது என்று திகைக்க வேண்டாம். வீட்டுக்குப் போட்டால் அத்தை பிரித்துவிடுவாள். போனில் சொல்லலாம் என்றால், அங்கே யார் எடுத்தாலும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறீர்கள். நான் பேசுவதை மிக்ஸிதான் கேட்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற மாதம் தாங்கள் வேலையாக இந்தப் பக்கம் வந்தபோது, ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அத்தையின் ஸ்வெட்டர்களையும் இன்னொரு பெட்டியையும் எடுத்துக்கொண்டு, காபி குடித்துவிட்டு, போகிற போக்கில் என் போனை வாங்கிப் பார்த்தீர்கள். "என்ன மாமா, இவ்ளோ மெசேஜ் சேத்து வெச்சிருக்கீங்க? எல்லாம் கடைக்காரங்க தொல்லை. ஒரேயடியா க்ளீன் பண்ணிடறேன்" என்றீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் விரல் வேலை செய்துவிட்டது. "இனிமே ஒரு பய உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டான்" என்று கையில் கொடுத்தீர்கள். வாக்குத் தவறாதவர் நீங்கள். அன்றையிலிருந்து ஒரு பயலும் என்னைத் தொந்தரவு பண்ணவில்லை மாப்பிள்ளை.

நான் தபால் பிரிவில் தலை நரைத்தவன். வந்த கடிதத்துக்குப் பதில் போகாமல் நாற்காலியை விட்டு எழுந்து பழக்கமில்லை. போனில் வந்தாலும் கடிதம் கடிதம்தானே! "உங்கள் நினைவாகவே இருக்கிறோம்" என்று செருப்புக் கடை எழுதினால், "தங்கள் அன்புக்கு நன்றி, பழைய செருப்பே இன்னும் தேயவில்லை, இப்போதெல்லாம் நடப்பது குறைவு" என்று எழுதுவேன். "பசிக்கிறதா?" என்று சாப்பாட்டுக் கடை கேட்கும். ஒரு மனுஷன் மதியம் தனியாக உட்கார்ந்திருக்கும்போது அப்படி ஒரு கேள்வி வந்தால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? காலையில் வைத்த குழம்பு மிச்சம் இருக்கிறது என்று சொல்லுவேன். பல் ஆஸ்பத்திரியிலிருந்து, வருவதானால் ஒன்று, வராவிட்டால் இரண்டு என்று அனுப்பச் சொல்லுவார்கள். வருகிறேன், ஆனால் உங்கள் மாடிப்படிக்குக் கைப்பிடி வையுங்கள் என்று விளக்கமாக எழுதினால், "தாங்கள் சொல்வது எங்களுக்குப் புரியவில்லை" என்று பதில் வரும். என் மேலதிகாரிகளும் கடைசிவரை அதையேதான் சொன்னார்கள். அதனால் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் மெத்தைக் கடை வேறு. இதை நீங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும். நம் கட்டில் மெத்தையில் இடது பக்கம் பள்ளம் விழுந்துவிட்டது என்று நான் ஒரு புகார் எழுதினேன். முதலில் "புகார் பெறப்பட்டது" என்று இயந்திரம் சொல்லிற்று. மறுநாள் ஒரு பெண், நிஜப் பெண், கையால் தட்டி எழுதியிருந்தாள். எப்படித் தெரியும் என்கிறீர்களா? எழுத்துப்பிழை இருந்தது. "சார் வலது பக்கம் எப்டி இருக்கு?" என்று கேட்டாள். வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது என்றேன். "அந்தப் பக்கம் யாரும் படுக்கறது இல்லயா சார்?" படுப்பவர் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றேன். "எப்ப வருவாங்க சார்?"

மாப்பிள்ளை, இந்தக் கேள்வியை இதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு முழுக்க என்ன பதில் எழுதுவது என்று யோசித்துவிட்டு, "விரைவில்" என்று போட்டேன். "அவங்க வந்ததும் ரெண்டு பேருமா மெத்தய திருப்பிப் போடுங்க சார். தனியா தூக்காதீங்க, இடுப்பு புடிச்சுக்கும்" என்றாள். சரி என்றேன். அதோடு புகார் முடிந்திருக்க வேண்டும். முடிய விடுவேனா? மறுவாரம் தையல் பிரிகிறது என்று எழுதினேன். அதற்கு அடுத்து, புரண்டால் சத்தம் வருகிறது என்றேன். "எந்த மாதிரி சத்தம் சார்?" என்று அக்கறையாகக் கேட்டாள். உட்கார்ந்து, படுத்து, புரண்டு, காது கொடுத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. வீட்டிலேயே சத்தம் இல்லை, மெத்தையிலா வரும்? இருந்தாலும் "கிரீச்" என்று எழுதினேன். இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த புகாரை நீங்கள் "தீர்ந்தது" என்று அழுத்தி, கடையையும் பிளாக் பண்ணிவிட்டீர்கள். என்ன தீர்ந்தது? என்னைக் கேட்டீர்களா?

அதற்கப்புறம் பட்ட பாட்டைக் கேளுங்கள். சிலிண்டர்க்காரர் மூச்சு வாங்க மாடியேறி வந்து, "நம்பர் சொல்லுங்க சார்" என்றார். என்ன நம்பர் என்றேன். "போன்ல வந்திருக்கும் பாருங்க." போன் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. வீட்டு நம்பரைச் சொன்னேன், பிறந்த வருஷத்தைச் சொன்னேன், பென்ஷன் நம்பரைக்கூட ஒப்பித்தேன். "அதெல்லாம் எனக்கு எதுக்கு சார்!" என்று தலையிலடித்துக்கொண்டு சிலிண்டரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். பல் ஆஸ்பத்திரியில் நேரத்தை மாற்றி அனுப்பியிருந்தார்களாம். வராத மெசேஜைப் படித்து நான் எப்படிப் போவது? வலியோடு போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, அதே வலியோடு திரும்பி வந்தேன்.

நாமே சரிசெய்துவிடுவோம் என்று ஒருநாள் துணிந்து உட்கார்ந்தேன். எங்கெங்கோ அழுத்தினேன். மெத்தைக் கடை வரவில்லை. தங்கள் அத்தை போய்விட்டாள்! அவளை பிளாக் பண்ணியிருக்கிறேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வாரம் போன் வரவில்லை. பேத்தியைப் பார்த்துக்கொள்ளவே அவளுக்கு நேரம் சரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவளோ, நான் செத்தே போய்விட்டேன் என்று பயந்து, கீழ்வீட்டுத் தையல்காரருக்குப் போன் போட்டு, அவர் ஊசியும் நூலுமாக ஓடிவந்து தன் போனை என் காதில் வைத்தார். "எத்தனை வருஷம் குடும்பம் பண்ணினேன், என் நம்பரையே பிளாக் பண்ற அளவுக்கு வந்துட்டீங்களா? என்ன திமிரு உங்களுக்கு? மாத்திரை போட்டீங்களா இல்லியா?" என்று ஆரம்பித்தாள். அடேயப்பா! என்ன திட்டு! பேத்தி பின்னால் அழுகிறாள், அப்போதும் வைக்கவில்லை. வழக்கமாக "சாப்டீங்களா, சரி வெக்கிறேன்" என்பதோடு சரி. அவள் இங்கிருந்து போன நாள் முதலாக இவ்வளவு நேரம் என்னோடு பேசியதே இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தையல்காரர் அவள் நம்பரை மட்டும் மீட்டுக் கொடுத்துவிட்டு, "அவசர ஜாக்கெட் இருக்கு சார், மத்ததை அப்புறம் பாப்போம்" என்று போய்விட்டார். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

ஆகவே, எல்லாக் கடைகளையும் முன்போல் வரவழைப்பது எப்படி என்று ஒரு தாளில் எழுதி அனுப்பவும். மெத்தைக் கடையைத் திருப்பிக் கொடுத்தால் போதும். மற்றது உங்கள் இஷ்டம். இதைச் சாக்காக வைத்து அத்தையை அனுப்பச் சொல்லுகிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். குழந்தைக்குப் பல் முளைக்கும் வரை என்று போனாள். பிறகு நடக்கும் வரை என்றீர்கள். இப்போது பள்ளிக்கூடம் சேரும் வரை என்று காதில் விழுகிறது. கல்யாணம் வரைக்கும்கூட இருக்கட்டும், எனக்கென்ன? நான் இங்கே ராஜா மாதிரி இருக்கிறேன். பெண் கொடுத்த வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆளும் நான் இல்லை. அது எங்கள் வம்சத்திலேயே கிடையாது.

மகளை வேளைக்குச் சாப்பிடச் சொல்லவும். பேத்திக்கு என் முத்தங்கள். தாங்கள் மேலும் மேலும் உயர்ந்து, கண் நிறைந்த குடும்பமாக நீடூழி வாழ மனதார ஆசீர்வதிக்கிறேன். அத்தையிடம் நான் கேட்டதாக ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது தையல்காரர் வந்தார். ஒரு நிமிஷம்தான், எல்லாக் கடையும் திரும்ப வந்துவிட்டது. உடனே மெத்தைக் கடைக்கு எழுதினேன். அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டாளாம். இயந்திரம் சொல்லிற்று. போகட்டும். மெத்தையில் ஒரு கோளாறும் இல்லை மாப்பிள்ளை. மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். தனியா இருக்க முடியல. மகள் வீட்டுக்கு வரமாட்டேன் என்று நான் பீற்றிக்கொள்வதெல்லாம், இத்தனை நாளில் "நீங்களும் வாங்க மாமா" என்று உங்களில் ஒருவர்கூடச் சொல்லாததால்தான். ஒரு வார்த்தை கூப்பிடுங்கள். கூடத்தில் எந்த மூலையைக் காட்டினாலும் படுத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்களாகவே கூப்பிட்ட மாதிரி இருக்கட்டும். நான் முதலில் வேண்டாம் என்பேன். விடாமல் இன்னொரு தடவை கூப்பிடுங்கள். துணிமணி எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன்.