எண்ணெய் வட்டம்

சுவர்க்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. வாடகை வீடானாலும் சுவர் மட்டும் இவர்களுடையதுதான். வெள்ளையடிக்க ஆள் வந்தால் லீவு போட்டுவிடுவார்கள். சுண்ணாம்பு மட்டையைத் தொடமாட்டார்கள். அறை நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சுண்ணாம்பு எத்தனை நாள் ஊறியது, எங்கே சுரண்டவேண்டும் என்றெல்லாம் விசாரித்து முடித்து, சுவரிலுள்ள ஒவ்வொரு அழுக்குக்கும் ஒரு குற்றவாளியைக் கண்டுபிடிப்பார்கள். தங்களைத் தவிர.

உறையூர் வீரமலையை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதா? பக்கத்து வீட்டுக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள், போதும்.

தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது. மகள் ராசாத்தியும் வையம்பட்டி மாப்பிள்ளையும் தலைதீபாவளிக்கு வருகிறார்கள். அதற்குள் முன்னறைக்குப் பச்சை அடித்தாக வேண்டும். பெண் பார்க்க வந்தபோது சம்பந்தியம்மாள் அந்த அறையில்தான் பாயில் உட்கார்ந்தார். சுவரில் சாயப்போனவர், திரும்பிப் பார்த்தார், நிமிர்ந்துகொண்டார். போகும்வரை சாயவில்லை. சுவரில் தட்டு அகலத்துக்கு ஓர் எண்ணெய் வட்டம். அந்த நிமிர்ந்த முதுகை வீரமலை இன்னும் மறக்கவில்லை. மாப்பிள்ளையும் அப்படி உட்கார்ந்துவிட்டால்?

வெள்ளையடிக்கும் பிச்சமுத்து வட்டத்தைத் தடவி விரலை முகர்ந்தார்.

"நல்லெண்ணெய்ங்க. வருசக்கணக்கா ஏறியிருக்கு. சுரண்டாம அடிச்சா திரும்ப வந்துரும்."

"யாரு தலை இது?" என்றார் வீரமலை.

விசாரணை தொடங்கியது. மனைவி பவுனம்மாளை அடுப்படியிலிருந்து வரவழைத்து வட்டத்தடியில் உட்காரவைத்தார். தலை ஒரு சாண் கீழே நின்றது. அடுத்து மைத்துனர் பெரியண்ணன். உயரம் கிட்டத்தட்டச் சரி. ஆனால் முழு வழுக்கை.

"எண்ணெய் வைக்க எனக்கு எங்க இடம் மாமா?" என்றார் அவர். விடுதலை.

"நீங்க ஒரு தடவ உக்காந்து பாருங்களேன்" என்றாள் பவுனம்மாள்.

"எனக்கு வேற வேலை இல்லையா?"

பிச்சமுத்து சுரண்டி, சவுக்காரம் போட்டுக் கழுவி, காயவிட்டு, இரண்டு தடவை அடித்தார். சுவர் வாழைக்குருத்தாக நின்றது. யாரும் கிட்டே வரக்கூடாது என்று வீரமலை உத்தரவு போட்டார்.

மாப்பிள்ளை வரும் நாள் காலையில் குளித்து, தலையில் எண்ணெய் தடவி வகிடெடுத்துச் சீவி, காவலுக்குத் தானே பாயில் உட்கார்ந்தார். பஸ் வரும் நேரம் தாண்டியது. காற்று இதமாக வந்தது. கண் சொருகியது.

"மாமா!"

துள்ளி எழுந்தார். வாசலில் மாப்பிள்ளை, பின்னால் ராசாத்தி. இருவரும் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் பார்த்தார்கள். அவரும் திரும்பினார். பழைய இடம். பழைய உயரம். சீப்பின் பல் கூடப் பதிந்திருந்தது.

"யாரு..." என்று தொடங்கிய வீரமலை, மீதியை விழுங்கினார்.

"காந்தி மார்க்கெட்ல ஒரே கூட்டம் மாமா. பஸ் நகரவேயில்ல" என்றபடி மாப்பிள்ளை பாயில் உட்கார்ந்தார். வீரமலை அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை காலை நீட்டி, ஒரு பெருமூச்சு விட்டு, சாய்ந்தார். நன்றாக எண்ணெய் வைத்த தலை. வட்டத்துக்குள் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.

"பொருத்தம் பாத்துத்தானே குடுத்திருக்கோம்" என்றாள் பவுனம்மாள், காப்பித் தம்ளரை நீட்டியபடி.

வீரமலைக்கு மூச்சு வந்தது. அடுத்த வருடத்துக் குற்றவாளியும் வந்தாயிற்று.

அது இருக்கட்டும். இவ்வளவு நேரம் சிரித்தபடி, சௌகரியமாகப் படித்துக்கொண்டிருந்தீர்களே, எதில் சாய்ந்துகொண்டு? மெதுவாகத் தலையை முன்னால் கொண்டுவாருங்கள். இப்போது திரும்பிப் பாருங்கள்.