செத்துப்போன தவிடு

"பத்து நாள் ஒரு ஜாடியைப் பாத்துக்க முடியாதவன் என்ன ஆம்பளை?" என்றார் கென்சாகு.

அவர் மனைவி மிட்சுயோ பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். மொரியோகாவில் மகளுக்குப் பிரசவம்.

ஜாடி லேசுப்பட்டதல்ல. உள்ளே உப்புப் போட்ட அரிசித் தவிடு. வெள்ளரியைப் புதைத்தால் மறுநாள் ஊறுகாய். கென்சாகுவின் மாமியார், அதாவது மிட்சுயோவின் அம்மா, வளர்த்த தவிடு அது. கல்யாணமாகி வந்த அன்று மிட்சுயோ அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மாமியார் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. தவிடு மட்டும் உயிரோடு இருந்தது.

"தினம் கையை விட்டு அடிவரைக்கும் புரட்டணும். கையால. ஒரு நாள் விட்டா கோவிச்சுக்கும்."

"உன்ன மாதிரியா?"

"நானாவது கத்துவேன். அது பேசாம செத்துப்போகும்."

ரயில் ஏறிவிட்டாள்.

கென்சாகுவின் மூளை வேலை செய்யத் தொடங்கியது. ஷியோகாமா துறைமுகத்தில் முப்பத்தைந்து வருஷமாகச் சுஷிக் கடை வைத்திருக்கிறவர். காலையில் தவிட்டில் விட்ட கை சாயங்காலம்வரை நாறும். அந்தக் கையால் சோற்றைப் பிடித்து மீனை வைத்தால் எவன் தின்பான்? ஆகவே மரக்கரண்டி. மேலாக நாலு கிளறு, மூடி, தீர்ந்தது வேலை. இத்தனை வருஷமாக இவளுக்கு இது தோன்றவில்லையே என்று சிரித்துக்கொண்டார்.

ஜூலைப் புழுக்கம். நாலாம் நாள் காலை மூடியைத் திறந்தார். கறுப்பும் ரோஸுமாகப் பூஞ்சை. நாற்றத்தில் அடுப்படிப் பூனை எழுந்து வெளியே போனது. மூடினார். மறுபடி திறந்தார். அதேதான். மாமியாரை இரண்டாம் தடவை சாகடித்துவிட்டதாகத் தோன்றியது.

மத்தியானம் மிட்சுயோ போனில் பேசினாள். பேரன் பிறந்திருக்கிறானாம், மூக்கு தாத்தா மூக்காம். ஜாடி எப்படி என்று கேட்டாள். அமோகம் என்றார். குரல் ஏன் கம்முகிறது என்றாள். சந்தோஷம் என்றார்.

அன்று சாயங்காலமே பக்கத்து டோஃபு கடை ஹிசானோ வீட்டு வாசலில் போய் நின்றார். கையில் ஒரு பெட்டி சுஷி. கடையிலேயே உசத்தியான சூரை மீன் வயிற்றுத் துண்டு வைத்தது. ஹிசானோ எழுபது வயதுக்காரி. அவள் வீட்டிலும் ஒரு ஜாடி உண்டு.

"அக்கா, கொஞ்சம் தவிடு வேணும்."

"எதுக்கு?"

"சும்மா."

"சும்மா கேக்கறதுக்கு ஏன் தம்பி கண்ணு செவந்திருக்கு?"

கொடுத்தாள். கென்சாகு பழையதைக் கொட்டி ஜாடியைக் கழுவிக் காயவைத்து, புதியதைப் போட்டார். மறுநாள் கடைக் கதவில் விடுமுறைப் பலகை தொங்கியது. ஆறு நாளும் தொங்கியது. தினம் முழங்கைவரை விட்டுப் புரட்டினார். வெள்ளரி புதைத்தார். சட்டையெல்லாம் நாறியது.

மிட்சுயோ திரும்பி வந்தாள். தேநீரோடு ஒரு துண்டு வெள்ளரியைக் கடித்தாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"அம்மா ருசி. அப்படியே இருக்கு." அவள் கண் நிறைந்துவிட்டது.

டோஃபு கடைத் தவிட்டை மாமியார் என்று தலையில் கட்டியாயிற்று. சொல்லிவிடலாமா என்று கென்சாகு வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

மிட்சுயோ அவர் கையை எடுத்து முகர்ந்தாள்.

"கையாலயா புரட்டினீங்க?"

"பின்னே?"

"கடை?"

"மூடிட்டேன்."

அவள் கையை விடவில்லை. கென்சாகுவும் இழுத்துக்கொள்ளவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக இவளை ஏமாற்றிவிட்டோம், அதுவும் நல்லதுக்காக, என்று நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

"என்னங்க," என்றாள் மிட்சுயோ, கையைத் தடவிக்கொண்டே. "ஹிசானோ அக்காகிட்ட மீதித் தவிட்டையும் வாங்கிட்டு வந்துடுங்க. ஊருக்குக் கிளம்பறப்போ பாதியை அவங்ககிட்ட கொடுத்துட்டுத்தான் போனேன். ஒரு வாரமாவது தாங்குவீங்கன்னு சொல்லிவச்சிருந்தேன். நாலாம் நாளே போய் நின்னீங்களாமே."