எலுமிச்சம்பழமும் நூற்றெண்பது பாகையும்

வெள்ளவத்தை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் சிவானிக்கு அப்பா எழுதிக்கொள்வது.

நானும் அம்மாவும் சுகம். கார்தான் சுகமில்லை. ஜெர்மனியில் நீயும் நீ செய்கிற மின்கார் மோட்டர்களும் நலமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். போனில் கதைத்தால் அம்மா பாதியில் பறித்துவிடுவா, அதனால்தான் கடிதம். ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் வருகிறார். அம்மா எங்கள் மின்காரை விற்கப் போகிறாவாம். நீதான் தடுக்கவேணும்.

மோட்டருக்குள் கரகரவென்று சத்தம் கேட்டு, மருதானையில் பௌஸியின் கராஜில் பெயரிங் மாற்றினோம். வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் காருக்குப் பூசை. ஐயர் முன்சில்லுகளுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, "மெதுவா எடுங்கோ" என்றார். கியரை முன்னுக்குத்தான் போட்டேன், கார் பின்னுக்குப் போனது. பின்னால் நின்ற இளநீர்க்காரன், "மஹத்தயா, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று சிங்களத்தில் கத்தினான். முன்னுக்குப் போகவேண்டுமென்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், மோட்டருக்குத்தான் தெரியவில்லை. ஐயர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பழங்களை எடுத்துப் பின்சில்லுகளுக்குப் பின்னால் வைத்தார். "நசிஞ்சால் சரி" என்றார். நசிந்தது. அம்மா, "முன்னேறாத வாகனம் எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லி ஓட்டோவில் போய்விட்டா. நான் கியரை றிவேர்ஸில் போட்டுப் பார்த்தேன், கார் முன்னுக்கு வந்தது. காலி வீதி முழுக்கப் பீப் பீப் என்று றிவேர்ஸ் சத்தத்தோடு முன்னுக்கு ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

நீ முன்பு சொன்னாய், சுற்றியுள்ள கம்பிச் சுருள்களில் ஓடுகிற கரண்ட் எப்போதும் தொண்ணூறு பாகை முன்னால் நின்று நடுவிலுள்ள காந்தத்தை இழுத்துக்கொண்டே போகவேண்டுமென்று. பிறிஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தம் இரண்டை எடுத்து, ஒன்றைத் தட்டுக்கு மேலும் மற்றதைக் கீழும் பிடித்துப் பார்த்தேன். நேர் கீழே பிடித்தால் அசையாது, கொஞ்சம் முன்னுக்கு நகர்த்தினால் ஓடிவருகுது. இத்தனை வருஷமா அம்மா என்னை இழுக்கிறதும் இப்படித்தான். ஆனா காந்தம் எங்க நிக்குதெண்டு, கரண்டை அனுப்புற கொன்ட்ரோலர் பெட்டிக்கு ஆர், பிள்ளை, சொல்லுறது? அச்சு நுனியில ஒரு சென்சர் இருக்காம். பௌஸி அதைத் திருப்பிப் பூட்டிப்போட்டான். பெட்டி வடக்கைத் தெற்கெண்டு நினைச்சு மற்றப் பக்கம் இழுக்குது. கேட்டால், "ஓடுது தானே அங்கிள், பக்கம் மட்டும் தான் மாறி" எண்டுறான். கழற்றாமல் கணினியிலயே நூற்றெண்பது பாகையைக் கூட்டினால் சரிவருமோ? உடனே எழுது. அந்தக் காரை நோண்டேக்கதான் உன்ர வேலை எனக்குக் கொஞ்சம் விளங்குது, பிள்ளை. அதுவும் போனால் உன்னோட நான் என்னத்தைக் கதைக்கிறது?

உனக்கும் மருமகனுக்கும் எங்கள் ஆசீர்வாதம். இருவரும் ஒரே பக்கமாகச் சுழலுங்கள்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: இதை அனுப்ப முன்னர் பௌஸி லப்டொப்போடு வந்து பாகையைத் திருத்திவிட்டான். கார் முன்னுக்குப் போகிறது. அம்மா ஏறினா, யோசித்தா, இறங்கிவிட்டா. "ஐயர் பூசை செய்தது பின்னுக்குப் போற காருக்கெல்லோ" என்கிறா. இன்னொரு பூசை செய்வம் என்றேன். "பிள்ளையாருக்கு உங்கட மோட்டரைப் பார்க்கிறதே வேலை?" என்கிறா. பூசையில் நின்றதுபோலப் பழையபடி பின்னுக்குப் போக மாற்றினால் விற்கமாட்டாவாம். ஆகவே மேலே கேட்டதை மறந்துவிடு. நூற்றெண்பதைத் திரும்பக் கழிக்கப் பௌஸியைக் கூப்பிட்டிருக்கிறேன்.